சக்கர நாற்காலியில் போன ரத்தம்

இரண்டு வருடங்களுக்கு முன்னால், ஆகஸ்ட் மாதத்தில் ஒரு நாள். டெல்லியில் நான் வேலை பார்க்கும் மருத்துவமனையில் நடந்தது இது. அடித்தளத்தில் ஒரு ஸ்கேன் அறையில் ஆரம்பித்து, வெளிநோயாளிகள் கூடத்தைக் கடந்து, மழையில் இறங்கி, பழைய கட்டடத்தின் ஒரு சின்ன அறையில் போய் முடிந்தது.

என் வேலையைப் பற்றி முதலில் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். எனக்குச் சொந்த ஊர் சேலம் பக்கம். இயற்பியல் படித்துவிட்டு டெல்லிக்கு வந்து, பெட் ஸ்கேன் ஆராய்ச்சிப் பிரிவில் சேர்ந்தேன். பெட் ஸ்கேன் என்றால் பலருக்குத் தெரிந்திருக்கும். மிகக் கொஞ்சமாகக் கதிர் வீசுகிற ஒரு மருந்தை ஊசியில் ஏற்றி, அது உடம்புக்குள் எங்கே போய்ச் சேருகிறது என்று படம் பிடிப்பது. சிகிச்சைக்கு வருகிறவர்களுக்குப் பெரும்பாலும் அந்தப் படமே போதும். ஆராய்ச்சிக்குப் போதாது. மூளையின் ஓர் இடம் எவ்வளவு மருந்தை இழுத்துக்கொண்டது என்று எண்ணில் சொல்ல வேண்டும். அதற்கு, அந்த நேரத்தில் ரத்தத்தில் எவ்வளவு மருந்து ஓடிக்கொண்டிருந்தது என்பதும் தெரிய வேண்டும். அதனால் ஸ்கேன் நடக்கிற ஒரு மணி நேரமும் மணிக்கட்டு ரத்தக் குழாயில் செருகிய மெல்லிய குழாய் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தம் எடுத்துக்கொண்டே இருப்போம். ஆரம்பத்தில் சில நொடிக்கு ஒரு தடவை, போகப் போகச் சில நிமிடத்துக்கு ஒரு தடவை. அந்த டியூப்களை ஒவ்வொன்றாக ஒரு கருவியில் இறக்கினால், எவ்வளவு கதிர் வருகிறது என்று எண்ணிச் சொல்லும். நடுவில் கிணறு போல ஒரு குழி இருக்கும், அவ்வளவுதான் அந்தக் கருவி. பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. ஆனால் அது இல்லாவிட்டால் ஒரு மணி நேர ஸ்கேனும் வெறும் அழகான படம்.

அன்றைக்கு ஸ்கேனுக்கு வந்திருந்தது ஓர் அம்மா. அறுபதைத் தாண்டியவர், திருநெல்வேலிப் பக்கம். கல்யாணம் ஆகி டெல்லிக்கு வந்து லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸில் குடியேறியவர். கணவர் ஓய்வு பெற்றதும் டெல்லியிலேயே துவாரகா பகுதியில் ஃபிளாட் வாங்கிப் போய்விட்டார்கள். அம்மாவுக்கு எந்த நோயும் இல்லை. கணவருக்குத்தான் பார்க்கின்சன். கை நடுங்குவதைவிட அவருக்குப் பெரிய தொந்தரவு இரண்டு. ஒன்று நடை. குட்டிக் குட்டி அடியாக வைப்பார்; வாசல்படி வந்தால் தரையில் ஒட்டிக்கொண்டது போலக் கால் நின்றுவிடும். இன்னொன்று குரல். காதைப் பக்கத்தில் கொண்டுபோனால்தான் கேட்கும். அவர் உதடு அசையும், அம்மா சத்தமாகச் சொல்லுவார். "அவுக கேக்குதாக, மாத்திரைய சாப்பாட்டுக்கு முன்னால எடுக்கணுமா பின்னாலயான்னு." இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு குரல்தான் இருந்தது அந்த வீட்டில்.

எங்கள் ஆய்வு பார்க்கின்சன் வந்தவர்களின் மூளையைப் பற்றியது. ஒப்பிட்டுப் பார்க்க அதே வயதில் நோயில்லாதவர்களும் வேண்டும். அவர்களைப் பிடிப்பதுதான் கஷ்டம். மணிக்கட்டில் குழாய், ஒரு மணி நேரம் அசையாமல் படுக்கை, தனக்கென்று ஒரு பிரயோஜனமும் கிடையாது, யார் வருவார்கள்? ஆய்வுக்குத் தலைமை வகித்த டாக்டரம்மா ஒரு நாள் இதைத் தயக்கத்தோடு சொன்னபோது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த அந்த அம்மா உடனே, "நான் வாரேன்" என்றார்.

எல்லாவற்றையும் தமிழில் விளக்கிச் சொல்லும் பொறுப்பு எனக்கு வந்தது. தமனி, மருந்து, கதிர் என்று என்னென்னவோ சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அம்மா சொன்னார்: "குழம்புல எவ்வளவு உப்பு கிடக்குன்னு தெரிஞ்சாத்தான, உருளைக்கிழங்கு எவ்வளவு இழுத்துச்சுன்னு சொல்ல முடியும். அதான?"

"அதேதாம்மா" என்றேன்.

"அப்ப என் ரத்தம் குழம்பு. மூளை உருளைக்கிழங்கு." கணவரைப் பார்த்தார். "சரியாத்தான் இருக்கு, இவுக ரொம்ப நாளா அதத்தான் சொல்லுதாக."

கணவர் சிரித்தார். சத்தமே இல்லாமல், தோள் மட்டும் குலுங்க.

புனேயில் இருக்கும் மகள் போனில் சண்டை போட்டாளாம். எதற்கு இந்த வயதில் வேண்டாத ஊசி என்று. அம்மா கேட்கவில்லை. ஆகஸ்ட் மாதம் அந்த நாள் காலையில், வெறும் வயிற்றோடு, தயிர்சாத டப்பாவைப் பையில் வைத்துக்கொண்டு, கணவரையும் கூட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

வானம் அப்போதே இருட்டிக்கொண்டிருந்தது.

மயக்க மருந்து டாக்டர் மணிக்கட்டை மரக்கச் செய்து குழாயைச் செருகினார். முதல் தடவை சரியாக இறங்கவில்லை. இரண்டாவது தடவையில்தான் இறங்கியது. அம்மா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாரே தவிர, ஒரு சத்தம் இல்லை. ஸ்கேனருக்குள் தலையைப் பட்டியால் கட்டிப் படுக்க வைத்தோம். நான் ஸ்கேனர் கடிகாரத்தையும் எங்கள் கடிகாரத்தையும் ஒரே நொடிக்குக் கொண்டுவந்து வைத்தேன். மருந்து ஏறியது. நான் எடுக்க ஆரம்பித்தேன். சிரிஞ்சு, டியூப், நேரம். சிரிஞ்சு, டியூப், நேரம். அந்த முதல் சில நிமிடங்களில் மூச்சுவிடக்கூட மறந்துவிடும். இடையிடையே ரத்தத்தைச் சுழல் கருவியில் சுற்றவிட்டு, பிளாஸ்மா என்கிற தெளிநீரைப் பிரித்து வைத்துக்கொண்டேன். எண்ணும் வேலையைக் கடைசியில் மொத்தமாகச் செய்வதாகத் திட்டம்.

ஸ்கேன் முடிய இன்னும் கொஞ்ச நேரம் இருந்தபோது, அடித்தளத்திலேயே கேட்கிற மாதிரி ஓர் இடி விழுந்தது. விளக்குகள் அணைந்து மறுபடி வந்தன. ஸ்கேனருக்குத் தனி பேட்டரி உண்டு, அது பாட்டுக்கு ஓடியது. அம்மா அசையவில்லை. கடைசி டியூபையும் எடுத்து முடித்தேன். மனசுக்குள் ஒரு சந்தோஷத்தோடு அடுத்த அறைக்குப் போய் எண்ணும் கருவியின் முன்னால் உட்கார்ந்தேன். திரை கறுப்பாக இருந்தது. பொத்தானை அழுத்தினேன். மறுபடி அழுத்தினேன். பின்பக்கத்திலிருந்து வயர் கருகிய வாசனை லேசாக வந்தது.

பிளக்கை உருவி வேறு இடத்தில் செருகிப் பார்த்தேன். திரை கறுப்பாகவே இருந்தது.

அன்று பயன்படுத்திய மருந்தின் கதிர் இருபது நிமிடத்துக்கு ஒரு முறை பாதியாகிவிடும். பாதி, அதில் பாதி, அதில் பாதி என்று ஏற்கெனவே பெரும்பகுதி கரைந்து போயிருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் போனால் டியூபில் ரத்தம் இருக்கும், எண்ணுவதற்கு ஒன்றும் இருக்காது. வேறொரு நாள் மறுபடி செய்யலாம் என்றும் சொல்ல முடியாது. நோயில்லாத ஒருவருக்குத் திரும்பத் திரும்ப இந்த மருந்தைக் கொடுக்க விதியில் இடமில்லை. அந்த அம்மா தந்தது ஒரே ஒரு தடவைதான் தர முடிந்த ஒன்று.

டாக்டரம்மாவிடம் சொன்னேன். அவர் ஒரு நிமிடம் கையால் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். பிறகு, பழைய கட்டடத்தில் மாணவர்களுக்குப் பாடம் எடுக்கிற ஆய்வகத்தில் இதே மாதிரி ஒரு பழைய கருவி இருப்பது ஞாபகம் வந்தது. போன் போட்டார். அங்கே இருந்த ஆசிரியை, ஓடுகிறது, உடனே கொண்டுவாருங்கள் என்றார்.

உடனே என்று சொல்வது எளிது. எங்கள் வளாகத்துக்குள் கதிர்மருந்து கலந்த எதை நகர்த்தினாலும் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரி கூட வர வேண்டும். ஹரியாணாக்காரர், நெடுநெடுவென்று உயரம், அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. அழைத்ததும் மீட்டரோடு வந்தார். டியூப்களை ஈயப்பெட்டியில் அடுக்கினேன். அதே மருந்தில் ஒரு சின்னப் பங்கை அளந்து தனி டியூபில் எடுத்து வைத்தேன். அந்தப் பழைய கருவி சரியாக எண்ணுகிறதா என்று ஒப்பிட அது வேண்டும். அவர் பெட்டியை மூடி, நாலு பக்கமும் மீட்டரைக் காட்டிப் பார்த்தார். வெளியே ஒன்றும் தெரியவில்லை. "டீக் ஹை" என்று சம்மதம் சொன்னார். ஆனால் அந்த ஈயப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவ்வளவு தூரம் ஓட முடியாது, அத்தனை கனம். தள்ளுவண்டியின் சக்கரம் ஒன்று உடைந்து கிடந்தது. அவரே சுற்றிப் பார்த்துவிட்டு, ஓரமாக நின்ற சக்கர நாற்காலியை இழுத்து வந்தார். பெட்டியை அதில் வைத்துப் பட்டையால் கட்டி, மேலே ஒரு கம்பளியைப் போர்த்தினோம். தூரத்திலிருந்து பார்த்தால் யாரோ குட்டையான ஒருவர் தலைவரை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது.

அறைக்கு வெளியே அம்மாவின் கணவர், அந்த சார், நின்றுகொண்டிருந்தார். இடிச் சத்தமும், நாங்கள் உள்ளேயும் வெளியேயும் ஓடியதும் அவரைப் பயமுறுத்தியிருக்கிறது. என்னவோ கேட்டார். குனிந்து கேட்டேன். "அவ நல்லா இருக்காளா?"

"அம்மா நல்லா இருக்காங்க சார். ஸ்கேன் முடிஞ்சிருச்சு. ரத்தத்தை எண்ணுற மிஷின்தான் போயிருச்சு. பழைய பில்டிங்குக்கு ஓடணும். லேட்டானா அம்மா பட்ட கஷ்டம் எல்லாம் வீணாயிரும்."

அவர் முகத்தைப் பார்க்க எனக்கு நேரமில்லை. நாற்காலியைத் தள்ளிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

லிஃப்டுக்கு முன்னால் ஸ்ட்ரெச்சர்கள் வரிசையில் நின்றன. சாய்தளம் வழியாக மூச்சு வாங்கத் தள்ளி மேலே வந்தோம். வெளிநோயாளிகள் கூடத்தின் கதவைத் திறந்ததும் நான் அப்படியே நின்றுவிட்டேன்.

டெல்லிப் பெரிய ஆஸ்பத்திரிகளின் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டாம். சாதாரண நாளிலேயே நடக்க இடமிருக்காது. அன்று மழை கொட்டியதால், வெளியே மரத்தடியிலும் நடைபாதையிலும் காத்திருப்பவர்கள் அத்தனை பேரும் உள்ளே வந்துவிட்டார்கள். பீகார், உத்தரப் பிரதேசம், எங்கெங்கிருந்தோ வந்தவர்கள். பாய் விரித்து, மூட்டையோடு, குழந்தையோடு, கோப்புகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு. அதிகாரி "சைட், சைட்" என்றார். யாரும் திரும்பவில்லை. அங்கே எல்லோரும்தான் "சைட், சைட்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் "பையா, ப்ளீஸ்" என்றேன். ஒரு ஆள் நகர்ந்தால் அந்த இடத்தில் இரண்டு பேர் வந்து நின்றார்கள். எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது.

அப்போது எனக்குப் பின்னால் ஒரு குரல் வந்தது.

"ஹட்டோ பையா, ராஸ்தா தோ. கூன் ஜா ரஹா ஹை."

விலகுங்கள், வழிவிடுங்கள், ரத்தம் போகிறது. கூடத்தின் கூரையில் மோதித் திரும்புகிற மாதிரி ஒரு வெண்கலக் குரல். யாரோ மைக்கில் பேசுகிறார்கள் என்று நினைத்துத் திரும்பினேன். அந்த சார் வந்துகொண்டிருந்தார். அடித்தளத்திலிருந்து அந்தச் சாய்தளத்தை எப்படி ஏறினார் என்று தெரியாது. குட்டி அடிகள் இல்லை. முழங்கால் உயர, வீசி நடந்து வந்தார். என்னைத் தாண்டி, அதிகாரியைத் தாண்டி, சக்கர நாற்காலிக்கு முன்னால் போய் நின்று ஒரு கையை உயர்த்தினார்.

"ராஸ்தா தோ. கூன் ஜா ரஹா ஹை."

கூட்டம் அசைந்தது. முன்னால் நின்ற ஒரு சர்தார்ஜி திரும்பிப் பார்த்து, தன் பங்குக்கு "கூன் ஜா ரஹா ஹை பாயி, ஹட் ஜாவ்" என்று முன்னால் இருந்தவர்களிடம் சொன்னார். அவர்கள் அவர்களுக்கு முன்னால் இருந்தவர்களிடம் சொன்னார்கள். அந்த வார்த்தை எங்களைவிட வேகமாக ஓடியது. நாங்கள் போய்ச் சேருவதற்கு முன்பே அங்கே வழி தயாராக இருந்தது. பாயில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தையை ஒரு பெண் பாயோடு சேர்த்து இழுத்துக்கொண்டாள். ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்த ஒரு நோயாளியே கையை நீட்டித் தன் ஸ்ட்ரெச்சரைச் சுவரோடு தள்ளிக்கொண்டார். ஒரு கிழவி கம்பளியைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டு, கடவுள் நல்லது செய்யட்டும் என்றாள். யாருக்கோ உயிர் போகிற நேரத்தில் ரத்தம் போகிறது என்று நினைத்துவிட்டார்கள். நின்று விளக்க நேரமில்லை. அதிகாரி மட்டும் இருபக்கமும் கையை விரித்துக்கொண்டு, யாரும் தொட வேண்டாம், தொட வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே வந்தார். அவர் ஓடி நான் பார்த்தது அன்றுதான்.

கூடத்தின் மறுபக்கக் கதவைத் திறந்தால் வெளியே முற்றம். பழைய கட்டடம் எதிரில். இடையில் மழை, கம்பி கம்பியாக. தண்ணீர் கணுக்காலுக்கு மேல் நின்றது. நனைவதைப் பற்றி எனக்குக் கவலையில்லை, ஆனால் பெட்டிக்குள் தண்ணீர் இறங்கினால் என்ன ஆகும் என்று யோசித்து ஒரு நொடி தயங்கினேன். கதவோரம் ஒரு குடும்பம் உட்கார்ந்திருந்தது. பல நாட்களாக ஆஸ்பத்திரி வாசலிலேயே தங்கியிருப்பவர்கள், பார்த்தாலே தெரிந்தது. அவர்களுடைய ஒரே கூரை ஒரு நீல பிளாஸ்டிக் ஷீட். அந்த வீட்டுப் பெண் எழுந்து, மேலே கிடந்த சாமானை எல்லாம் தள்ளிவிட்டு அதை உருவினாள். அவளும் கணவனும் கொழுந்தனும் ஆளுக்கொரு மூலையைப் பிடித்தார்கள். நாலாவது மூலையைப் பிடிக்க ஆளில்லை. எங்கள் அதிகாரி மீட்டரைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு அதைப் பிடித்தார்.

அப்படித்தான் முற்றத்தைக் கடந்தோம். தலைக்கு மேலே நீலப் பந்தல், நடுவில் போர்த்தி உட்கார்ந்திருக்கும் ஈயப்பெட்டி, எல்லோருக்கும் முன்னால் மழையில் முழுக்க நனைந்தபடி, எதிரே ஆளே இல்லாத போதும், "ராஸ்தா தோ" என்று முழங்கிக்கொண்டு போகும் அந்த சார். எனக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது. ஏதோ சாமி புறப்பாடு மாதிரி இருந்தது.

பழைய கட்டடத்து வாசல்படியில் அவர் கால் நின்றது. அவ்வளவுதான். பெட்ரோல் தீர்ந்த வண்டி போல. திரும்பி என்னைப் பார்த்து உதட்டை அசைத்தார். பக்கத்தில் போனால்தான் கேட்டது. "நீ போம்மா. ஜல்தி." அதிகாரி ஒரு கணம் அவரையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு உள்ளே இருந்த ஆசிரியையைக் கூப்பிட்டுப் பெட்டியை அவர் பொறுப்பில் ஒப்படைத்துவிட்டு, சாருடைய தோளைச் சுற்றிக் கைபோட்டு நின்றுகொண்டார். நீலஷீட்டை அந்தக் குடும்பம் இப்போது அவர்கள் இரண்டு பேருக்கும் மேலே பிடித்தது.

உள்ளே நான் நனைந்த கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முதலில் ஒப்பிடுவதற்காகக் கொண்டுவந்த டியூப். கருவி சரியாகத்தான் எண்ணியது. அப்புறம், கடைசியாக எடுத்த டியூப்களிலிருந்து ஆரம்பித்தேன். அவற்றில்தான் மருந்து மிகக் குறைவு, முதலில் செத்துப்போவது அவைதான். திரையில் எண் ஏறத் தொடங்கியது. சின்ன எண்தான், ஆனால் டியூப் எதுவும் வைக்காதபோதும் கருவி காட்டுகிற எண்ணைவிட நன்றாகவே அதிகம். இருந்தது. இன்னும் இருந்தது. ஒன்று முடிய ஒன்று வைத்தேன். ஆசிரியை என் பக்கத்தில் ஒரு டீயை வைத்துவிட்டுப் போனார். எல்லாம் முடிந்து, ஒவ்வொன்றையும் எடுத்த நேரத்துக்குத் திருத்திக் கணக்குப் போட்டு, கோடாக வரைந்து பார்த்தேன். செங்குத்தாக ஏறி, ஓர் உச்சியைத் தொட்டு, பிறகு வழுக்கிக்கொண்டு இறங்கி, நீளமாக ஓய்ந்து போகிற கோடு. எத்தனையோ புத்தகத்தில் பார்த்த கோடுதான். அன்றைக்கு அதைப் பார்த்ததும் நாற்காலியிலிருந்து எழுந்து, தனியாக, இரண்டு கையையும் தூக்கிக் குதித்தேன். ஆசிரியை எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே கதவைச் சாத்தினார்.

அடித்தளத்துக்குத் திரும்பியபோது அம்மா கட்டுப்போட்ட மணிக்கட்டோடு கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தயிர்சாத டப்பா பக்கத்தில் திறக்காமல் இருந்தது.

"எல்லாம் சரியா வந்துச்சா, ஏம்மா?"

"பிரமாதமா வந்துச்சும்மா. சார்தான் காப்பாத்தினாரு."

"யாரு, இவுகளா?"

சார் தலையைத் துவட்டிக்கொண்டு அப்போதுதான் உள்ளே வந்தார். அதிகாரி எங்கிருந்தோ ஆஸ்பத்திரிப் பச்சைச் சட்டை ஒன்றை வாங்கி அவருக்கு மாட்டிவிட்டிருந்தார். பார்ப்பதற்கு ஒரு சீனியர் சர்ஜன் மாதிரி இருந்தார். நான் நடந்ததை எல்லாம் சொன்னேன். நடையைச் சொன்னேன், குரலைச் சொன்னேன், சர்தார்ஜியைச் சொன்னேன். அம்மா முதலில் நம்பவில்லை. நான் கிண்டல் செய்கிறேன் என்று நினைத்தார். அதிகாரி தன் ஹிந்தியில், "லவுட்ஸ்பீக்கர், மாதாஜி, லவுட்ஸ்பீக்கர்" என்று சாட்சி சொன்னதும்தான் முகம் மாறியது.

டாக்டரம்மா விளக்கினார். இந்த நோய் உள்ளவர்களுக்கு எப்போதாவது, பெரிய அவசரம் ஒன்று வரும்போது, பூட்டிக்கிடந்த நடையும் குரலும் கொஞ்ச நேரத்துக்குத் திறந்துகொள்வது உண்டாம். தீப்பிடித்த வீட்டிலிருந்து எழுந்து ஓடியவர்களைப் பற்றியெல்லாம் படித்திருக்கிறாராம். நேரில் கேள்விப்படுவது இதுதான் முதல் தடவை என்றார்.

அம்மா கணவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "அந்தக் காலத்துல ஆபீஸ்ல இவுக போன்ல பேசினா, எதுக்கு சார் போனு, ஜன்னலத் திறந்துட்டுப் பேசுங்கம்பாக. அப்பேர்ப்பட்ட குரலு." பிறகு அவர் பக்கம் சாய்ந்து, "என்ன சொல்லிக் கத்துனிய? எனக்கு ஒருக்க சொல்லுங்களேன்" என்றார்.

சார் வாயைத் திறந்து முயன்றார். காற்றுத்தான் வந்தது. இன்னொரு தடவை முயன்றார். தலையை ஆட்டிவிட்டார்.

"இது நல்ல கதையா இருக்கே. ஊருக்கெல்லாம் கேட்டிருக்கு, எனக்கு மட்டும் கேக்கலையாக்கும்" என்றார் அம்மா. சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் சொல்லி முடித்ததும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் டப்பாவைத் திறந்து, கட்டுப்போடாத கையால் முதல் கரண்டியை அவருக்குத்தான் கொடுத்தார்.

மதியத்துக்கு மேல் அவர்களை வீட்டுக்கு அனுப்பலாம் என்று சொன்னார்கள். மழை விட்டிருந்தது. டாக்ஸி வரை கொண்டுவிட நானும் கூடப் போனேன். கூடத்தில் இப்போது நடக்க இடமிருந்தது. வாசலுக்கு வெளியே அந்தக் குடும்பம் நீலஷீட்டை வெயிலில் விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தது. சாரைப் பார்த்ததும் அந்தப் பெண் எழுந்து ஓடிவந்தாள்.

"அங்கிள்ஜி, மரீஸ் பச் கயா?" நோயாளி பிழைத்தாரா என்று கேட்டாள். அவள் கணவனும் எழுந்து நின்று எங்கள் பதிலுக்காகக் காத்திருந்தான்.

எனக்குத் தர்மசங்கடமாக இருந்தது. யாருக்கும் உயிர் போகவில்லை. அது யாருக்கும் ஏற்றப் போன ரத்தம் இல்லை. ஒருவர் உடம்பிலிருந்து எடுத்து எண்ணிப் பார்க்கப் போன ரத்தம். தங்கள் கூரையை உருவித் தந்தவர்களிடம் இதை எப்படிச் சொல்வது? பெட் ஸ்கேன், மருந்து, ஆராய்ச்சி என்று என் அரைகுறை ஹிந்தியில் வாக்கியத்தை உருட்டிக்கொண்டிருந்தேன்.

அதற்குள் சார் மனைவியின் கட்டுப்போட்ட கையை மெதுவாகத் தூக்கி அந்தப் பெண்ணுக்குக் காட்டினார். என்னவோ சொன்னார். அவள் காதை அவர் வாயருகே கொண்டுபோனாள். பக்கத்தில் நின்றதால் எனக்கும் கேட்டது.

"இஸ்கா கூன் தா. மேரே லியே தியா."

இவளுடைய ரத்தம். எனக்காகக் கொடுத்தாள்.

கண்டிப்பாகப் பார்த்தால் அது சரியில்லை. அந்த ஆய்வில் வரும் எண்கள் அவருடைய நோயைக் குணமாக்கப் போவதில்லை. எப்போதோ, யாருக்கோ உதவலாம் என்ற நம்பிக்கையில்தான் நாங்கள் சேர்த்துக்கொண்டிருக்கிறோம். ஒப்புதல் வாங்கும்போது அதை நான்தான் இரண்டு பேருக்கும் தமிழில் திரும்பத் திரும்பச் சொன்னேன். சாருக்கு அது நன்றாகவே தெரியும். இருந்தும் அதைத்தான் சொன்னார். அந்தப் பெண் அம்மாவின் கையைத் தன் இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்துப் பொத்திக்கொண்டாள். அம்மா கணவரைப் பார்த்து, "இது எனக்குக் கேட்டுச்சு" என்றார்.

அந்த அம்மாவின் எண்கள் இன்றும் எங்கள் ஆய்வில் இருக்கின்றன. பெயர் கிடையாது, ஒரு குறியீடு மட்டும். அவருக்கு அப்புறம் எத்தனையோ பேர் வந்து படுத்துவிட்டுப் போனார்கள். கருவியும் புதிது வந்துவிட்டது. எண்ணும் வேலை இப்போது பெரும்பாலும் தானாகவே நடக்கிறது. ஆனாலும் ஒவ்வொரு தடவையும் திரையில் அந்தக் கோடு ஏறி இறங்கும்போது நான் அதை வெறும் அளவாகப் பார்ப்பதில்லை. இது யாரோ ஒருவர் தன் வீட்டு மனிதருக்காகக் கையை நீட்டித் தந்தது, வழியில் முகம் தெரியாத பலர் விலகி நின்று அனுப்பிவைத்தது என்ற நினைப்போடுதான் அடுத்த டியூபை எடுக்கிறேன்.